முதல் வரியில் எழுத வேண்டியது

வேலூர்
6.8.2023

அன்புள்ள அண்ணிக்கு,

அருணா எழுதுகிறேன். நான் நலம், வேலூர் வெயிலைத் தவிர இங்கே எனக்கு எதிரி யாரும் இல்லை. அங்கே நீங்கள், அண்ணன், காவியா, கன்று போட்ட மாடு எல்லோரும் சுகம்தானே?

இந்தக் காலத்தில் இவளுக்கு என்ன கடிதாசி என்று சிரிக்காதீர்கள். நம் ஊருக்கு டவர் வருகிறது வருகிறது என்று நான் பத்தாவது படித்த நாளிலிருந்து சொல்கிறார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று பெரிய காரணம். ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி என்னை நேர்காணலில் தேர்ந்தெடுத்துவிட்டது அண்ணி. வரும் ஏப்ரல் முடிவதற்குள் நர்சுகளுக்கான இங்கிலீஷ் தேர்வில் நான் தேறிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரிலும் எழுதலாம், பேப்பரிலும் எழுதலாம். டைப் அடிப்பதில் நான் கோழி தானியம் கொத்துவது போல ஒவ்வொரு எழுத்தாகக் கொத்துகிறவள். அதனால் பேப்பர்தான். கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றும் பரவாயில்லை. நாலாவது, எழுதுவது. ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுப்பார்கள். அவரை அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கோ நர்சுக்கோ நாற்பது நிமிடத்தில் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். நாலு வருடமாக வார்டில் கிறுக்கியதில் என் கையெழுத்தை நானே வாசிக்க முடியவில்லை. பயிற்சி வகுப்பில் ஈஸ்வரி மேடம் சொன்னார்: "தினம் யாருக்காவது கையால எழுதும்மா. தமிழா இருந்தாலும் சரி. கை பழகணும்."

யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை. அண்ணன் பதில் போட்டால் நாலு வரி வரும், அதில் மூன்று மழையைப் பற்றி இருக்கும். நீங்கள் எழுதுங்கள்.

காவியாவுக்கு முத்தம்.
அருணா

---

மேல்புளியம்பட்டு
ஜமுனாமரத்தூர் வழி
23.8.2023

எங்கள் வீட்டுப் பெண் அருணாவுக்கு, அண்ணி பச்சையம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. நீ மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

உன் கடிதாசியை நான் மூன்று தடவை படித்தேன், உன் அண்ணன் ஒரு தடவை கேட்டார். கேட்டுவிட்டு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். ஏற்கெனவே குடித்த மாடு. அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான். ஸ்காட்லாந்து எங்கே இருக்கிறது என்று பஸ் கண்டக்டர் ரங்கனிடம் கேட்டேன். "லண்டனுக்கு மேல கீது அண்ணி, நம்ம மலை மாதிரியே குளிரும்" என்றார். அப்படியென்றால் நீ பிழைத்துக்கொள்வாய்.

இந்த மலையில் பெண்பிள்ளை கீழே இறங்கிப் படித்ததே பெரிது. நீ கடலையும் தாண்டப் போகிறாய். கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ரேஷன் கடை வரிசையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. இப்போது ஊருக்கே தெரியும்.

சாமை இடுப்பளவு நிற்கிறது. போன வாரம் சோற்றுப் பானையை இறக்கும்போது இரண்டு விரல் கொப்பளித்துவிட்டது. பக்கத்து வீட்டு சசிகலா பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. உன் கடிதாசி நினைப்பில் இருந்திருப்பேன். அதனால் எழுத்து கொஞ்சம் கோணல், மன்னித்துக்கொள்.

உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, உலக்கைக்குப் பயப்படாதே.

உன் அண்ணி

---

வேலூர்
24.9.2023

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், சத்தியம். விரல் ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் மட்டும் தடவி விட்டுவிடாதீர்கள், சுத்தமாகக் கழுவி மூடி வையுங்கள்.

இன்று வகுப்பில் என் மானம் போன கதையைக் கேளுங்கள். பயிற்சிக்கு ஒரு முதியவரின் குறிப்புகளைக் கொடுத்தார்கள். சர்க்கரை நோயாளி. நான் எழுதினேன்: நன்றாகச் சாப்பிடுகிறார், மகன் தினமும் வந்து பார்க்கிறான், கைத்தடியோடு நடக்கிறார், சர்க்கரை குறைந்து வருகிறது. கடைசி வரியில், வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது.

மேடம் அதை உரக்க வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தப் படிக்கிற நர்சு பாதியில டீ குடிக்கப் போய்ட்டா, அந்த விரலு இன்னா ஆவும்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "எங்க ஊர்ல கெட்ட சேதியைக் காகிதத்துல எழுத மாட்டாங்க மேடம். நல்லதுதான் எழுதுவாங்க. கெட்டதுக்கு ஆள் போவும்" என்றேன். அப்பா போன சேதியைச் சொல்ல அண்ணன் ஹாஸ்டலுக்கு நடந்தே வந்ததைச் சொன்னேன். வந்ததும் முதலில் "சாப்ட்டியா?" என்றுதானே கேட்டது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தது.

மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது நல்ல வழக்கம்தான். ஆனா இந்தக் கடிதம் போற எடத்துக்கு உங்க அண்ணன் போக முடியாது. முதல் வரியிலயே கெட்டதைச் சொல்லு. எதுக்கு எழுதுறோம்னு சொல்லு. மத்ததுல தேவையானதை மட்டும் வை, மிச்சத்தை விடு."

சொல்வது சுலபம். கை கேட்க மாட்டேன் என்கிறது. அக்டோபர் 14, சனிக்கிழமை, சென்னையில் தேர்வு. வேண்டிக்கொள்ளுங்கள்.

அருணா

---

மேல்புளியம்பட்டு
8.10.2023

என் அருணாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம். விரல் எப்போதோ ஆறிவிட்டது.

உன் மேடம் படித்தவர், அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். தேர்வுக்கு அவர் சொல்கிறபடியே செய். ஆனால் நம் வழக்கத்திலும் அர்த்தம் இருக்கிறது. வாயால் சொன்ன கெட்டது காற்றோடு போய்விடும், காகிதத்தில் எழுதினது வீட்டிலேயே தங்கிவிடும். கூரையில் செருகி வைத்தால் வருஷத்துக்கும் அங்கேயே நிற்கும்.

வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறேன். உன் அண்ணன் உனக்குப் பென்சில் சீவ ஒரு நல்ல கத்தி அனுப்பட்டுமா என்று கேட்டார். தேர்வு அறைக்குக் கத்தியோடு போனால் போலீஸ்தான் வரும் என்றேன்.

காவியாவுக்கு இப்போது சசிகலாதான் தலை வாரிவிடுகிறாள். என் வகிடு கோணலாகப் போகிறதாம், உன் அண்ணன் மகளுக்கு ஸ்டைல் வந்துவிட்டது. அவள் தட்டு, பாய் எல்லாம் தனியாக வைத்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறேன். நாளைக்கு உன்னைப் போல ஹாஸ்டலுக்குப் போக வேண்டியவள் இல்லையா.

பதறாமல் எழுது. நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணி

---

வேலூர்
12.11.2023, தீபாவளி

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே தெருவெல்லாம் வெடிச் சத்தம். உடம்பு நலம், மனசு நலமில்லை.

தேறவில்லை அண்ணி. மூன்றில் நல்ல மதிப்பெண். எழுதுவதில் போய்விட்டது.

பிரசவமான ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு வந்தது. எல்லாம் தெரிந்த விஷயம், எங்கள் வார்டில் தினமும் பார்ப்பது. மேடம் சொன்னது தலையில் இருந்தது. ஆனாலும் பேப்பரில் கை வைத்ததும், குழந்தை நலம், நன்றாகப் பால் குடிக்கிறது, தாய் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. அவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை என்பதை நான் எழுதப்போகும்போது, பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார்கள். பாதி வாக்கியம் நின்றது. நிஜக் கடிதமாக இருந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? அதுதான் மனசை அறுக்கிறது.

பிப்ரவரி 10 அன்று மறுபடி எழுதலாம். அதற்குப் பிறகு எழுதினால் ஏப்ரலுக்குள் காகிதங்கள் போய்ச் சேராது. ஆகவே இதுதான் கடைசி.

பண்டிகைக்கு நீங்கள் கீழே வருவீர்கள், சேர்ந்து துணி எடுக்கலாம் என்று நினைத்தேன். ஏன் வரவில்லை? பொங்கலுக்கு நான் வந்துவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும்.

அருணா

---

மேல்புளியம்பட்டு
17.12.2023

அருணாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சாமை அறுப்பு, அடிப்பு என்று நாள் ஓடிவிட்டது. எல்லோரும் சுகம்.

ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கின ஆனை அங்கேயே படுத்துக்கொள்ளாது. மூன்றில் தேறினவளுக்கு நாலாவது எம்மாத்திரம்? உன் அண்ணனிடம் சொன்னேன். "அது எழுந்துக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அன்றைக்கு மாடு மூன்று தடவை தண்ணீர் குடித்தது.

இங்கே இந்த வருஷம் குளிர் அதிகம். காலையில் என் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கினது நிமிர மறுக்கிறது. பேனா நழுவி நழுவி விழுகிறது. இந்த ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆனது என்றால் நம்புவாயா. வெயில் வந்தால் சரியாகிவிடும்.

சசிகலாவுக்கு முழங்கைப் பக்கம் தேமல் மாதிரி வெளுத்திருக்கிறது. நல்ல சோப்பு ஏதாவது இருந்தால் ரங்கனிடம் கொடுத்து அனுப்பு. அவசரம் இல்லை.

பொங்கலுக்கு வராதே. அலைச்சல். படிப்பு கெடும். எனக்கு உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. தேர்வு முடித்துவிட்டு வா, ஆசை தீர உட்கார்ந்து பேசலாம்.

அண்ணி

---

வேலூர்
4.1.2024

அண்ணி,

உங்களுக்குத் தொழுநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். இது மாத்திரையில் முழுதாகக் குணமாகும் நோய். இன்னும் தாமதித்தால் கை விரல்கள் மடங்கினபடியே நின்றுவிடும்.

நலம் விசாரிக்காமல் ஆரம்பித்ததற்கு மன்னியுங்கள். கெட்ட சேதிக்கு ஆள்தான் வர வேண்டும். ஆனால் இங்கே வார்டில் இரண்டு நர்சுகள் விடுப்பில் இருக்கிறார்கள், நான் வர ஆறு நாள் ஆகும். காகிதம் நாளைக்கே வந்துவிடும். ரங்கன் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று கடிதம் எழுதிப் பழகப் புதிய குறிப்புகள் ஏதும் கையில் இல்லை. உங்கள் கடிதங்களையே எடுத்து வைத்துக்கொண்டேன். விளையாட்டாகத்தான். பேப்பரில் ஒவ்வொன்றாகக் குறித்தேன். விரல் கொப்பளித்தது, அடுத்தவர் சொல்லும்வரை வலிக்கவில்லை. மகளுக்குத் தலை வார முடியவில்லை. பேனா நழுவுகிறது. சுண்டுவிரல் மடங்குகிறது. மகளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். தீபாவளிக்குக் கீழே வரவில்லை, பொங்கலுக்கு என்னையும் வர வேண்டாம் என்கிறீர்கள். சசிகலாவின் முழங்கையில் தேமல் என்ற வரிக்கு வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அது சசிகலாவின் முழங்கை இல்லையே அண்ணி.

எனக்குக் கோபம். உங்கள் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. நர்சு என்று பெயர். நாலு மாதமாகக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

கூடவே இங்கிலீஷில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். ஜமுனாமரத்தூர் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு. அண்ணனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே போங்கள். மாத்திரை அங்கேயே தருவார்கள், காசு கிடையாது. மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது. தட்டையும் பாயையும் பிரிக்க வேண்டியதில்லை. காவியாவையும் அண்ணனையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் போகவில்லை என்று ரங்கன் அண்ணன் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். தேர்வு கிடக்கட்டும். எனக்கு நீங்கள் வேண்டும்.

அருணா

---

மேல்புளியம்பட்டு
7.1.2024

அருணாவுக்கு.

போனேன். நேற்றே போய்விட்டேன். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மூச்சு விடு. பேனா பிடிக்க முடியவில்லை, நான் சொல்லச் சொல்ல உன் அண்ணன் எழுதுகிறார். அவர் கூடுதலாக ஏதாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

நீ எழுதினதெல்லாம் உண்மை. சித்திரையிலிருந்தே தெரியும். எங்கள் பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது சாமை விளையும் கொல்லிக்கு அப்பால் தனிக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். வாசலில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். நானே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் குடிசைதான் என் கண்ணில் நின்றது. உன் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. உனக்குச் சொன்னால் தேர்வை விட்டுவிட்டு ஓடி வருவாய். அதைக் காகிதத்தில் எழுதாமலே இருந்தால் இல்லாமலே போய்விடும் என்று ஒரு முட்டாள் எண்ணம்.

டாக்டர் இளவழகன் என்று ஒரு பையன். உன் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"யாரும்மா எழுதினது?"

"என் நாத்தனாருங்க. வேலூர்ல நர்சு."

"நான் கேக்கணும்னு நெனச்சது எல்லாமே இதுல இருக்குது. வேணாதது ஒண்ணுகூட இல்ல. இவங்க இப்படி எழுதலைன்னா நானே தேமல்னு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பேன்."

அவர் என் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டார். எங்கே தொட்டாலும் சொல்லு என்றார். நான் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால் உன் அண்ணன் அழுதுகொண்டிருக்கிறார். ஏழு இடத்தில் தொட்டிருந்தாராம்.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள். நரம்புக்கு வேறு மாத்திரை. காவியாவுக்கும் இவருக்கும் ஒன்றும் இல்லை. இரவு காவியாவின் பாயை என் பாயோடு சேர்த்துப் போட்டது நான் இல்லை, உன் அண்ணன்.

ஓர் ஒப்பந்தம். நீ தேர்வை விட்டால் நான் மாத்திரையை விட்டுவிடுவேன். நீ எழுது, நான் விழுங்குகிறேன். உன் எழுத்து ஓர் ஆளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைக்கிறது என்றால், அதைப் பார்த்து மார்க் போடுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

அண்ணி

அருணா, அண்ணன் எழுதுகிறேன். அவள் விழுங்குகிறாளா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீ படி. இங்கே மழை இல்லை.

---

வேலூர்
6.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

தேறிவிட்டேன். நாலிலும். இந்தக் கடிதத்தின் காரணம் அதுதான்.

ஜனவரியில் நான் வந்தபோது ஓயாமல் பேசியும் இதை நான் சொல்லவில்லை: எனக்குப் பயமாக இருந்தது. உங்களுக்கு எழுதின மாதிரி அறிமுகமில்லாத ஒருவருக்கு எழுத வருமா என்று. தேர்வு அறையில் முதல் ஐந்து நிமிடம் எழுதக் கூடாது, குறிப்புகளைப் படிக்க மட்டும்தான். பென்சிலைத் தொடாமல் படித்தேன். கீழே விழுந்து இடுப்பு முறிந்த ஒரு கிழவர். இரண்டு பக்கம் குறிப்பு. தோட்டம் பிடிக்கும், பேரன் இருக்கிறான், நன்றாகத் தூங்குகிறார், எல்லாம் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில், இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது. அவருக்கும் ஓர் அண்ணி இருப்பாள், அவள் இதைச் சொல்லாமல் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பேப்பரைத் திறக்கச் சொன்னதும் மூச்சில்தான் ஆரம்பித்தேன். முடித்தபோது நாலு நிமிடம் மிச்சம் இருந்தது.

ஈஸ்வரி மேடம் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, "யாரும்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். "அவங்க இன்னா படிச்சிருக்காங்க?" என்றார். "பத்தாவது மேடம். ஆனா நாலு மாசம் ஒரு வலியையும் எழுதாம கடிதம் எழுதத் தெரியும்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

உங்களைப் போல் தைரியசாலியை நான் பார்த்ததில்லை அண்ணி. உங்களைப் போல் முட்டாளையும். ஜூன் கடைசியில் புறப்பட வேண்டியிருக்கும். கை எப்படி இருக்கிறது? நல்லதை மட்டும் எழுதாதீர்கள்.

அருணா

---

மேல்புளியம்பட்டு
2.6.2024

அருணா,

நேற்று காலையில் அடுப்பில் கை சுட்டுக்கொண்டேன். வலித்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சுண்டுவிரல் ஓரம். பானையை இறக்கும்போது பட்டதும் 'ஆ' என்று கத்திப் பானையைப் போட்டுவிட்டேன். சோறெல்லாம் தரையில். உன் அண்ணன் பதறி ஓடி வந்து, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்கிறார். "வலிக்குதுங்க" என்றேன். "எங்க?" என்றார். "சுண்டுவெரல்ல வலிக்குதுங்க" என்றேன். அவர் அப்படியே சோற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வீடே சிரித்தது, அழுதது. சசிகலா வந்து பார்த்துவிட்டு இந்தக் குடும்பத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று போய்விட்டாள். மாட்டுக்கு எத்தனை தடவை தண்ணீர் காட்டினார் என்று நான் எண்ணவில்லை.

டாக்டர் பையன் பார்த்தார். உணர்ச்சி முழுதும் திரும்பவில்லை, முழங்கைப் பக்கம் இன்னும் மரமாகத்தான் இருக்கிறது, விரலும் கொஞ்சம் மடங்கித்தான் நிற்கிறது என்றார். நல்லதை மட்டும் எழுதாதே என்றாயே, அதனால் இதையும் எழுதினேன். மாத்திரையை இன்னும் சில மாதம் விழுங்கச் சொல்லியிருக்கிறார். நீ எழுதின பக்கத்தை அவர் திருப்பித் தரவில்லை. புதிதாக வரும் நர்சுகளுக்குக் காட்டுவாராம்.

சனிக்கிழமை பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். பலாப்பழம் கொண்டுவருகிறோம், பெட்டியில் இடம் வைக்காதே, அங்கேயே தின்றுவிட்டுப் போ. குளிருக்கு உன் அண்ணன் கம்பளி வாங்கி வைத்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் கிடைக்கும் என்று சொன்னால் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் முழுக்க நானே எழுதினேன், பேனா இரண்டு தடவைதான் விழுந்தது. இன்று காவியாவுக்கும் நானே தலை வாரினேன். வகிடு கோணல்தான். சசிகலா சரிசெய்கிறேன் என்று வந்தாள், காவியா தொட விடவில்லை.

உன் அண்ணி
பச்சையம்மா